புலிக்கு ஆஸ்கார், புலிய செஞ்ச பட்டறைக்கு பூட்டு: 'லைஃப் ஆஃப்டர் பை' ஒரு கேஸ் ஸ்டடி

2013 பிப்ரவரி 24 ராத்திரி, நமக்கு மறுநாள் காலைல, ஆஸ்கார் மேடை. 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் (சுருக்கமா விஎஃப்எக்ஸ்) விருது அறிவிக்கிறாங்க. நாலு பேர் ஏறுறாங்க, சூப்பர்வைசர் பில் வெஸ்டன்ஹோஃபர் மைக்க புடிச்சு வரிசையா நன்றி சொல்ல ஆரம்பிக்கிறாரு. நேரம் தாண்டிடுச்சு. "போதும் எறங்குப்பா"ன்னு சொல்றதுக்கு அந்த வருஷம் அவங்க எடுத்து வச்சிருந்தது 'ஜாஸ்' படத்தோட சுறா மியூசிக், டண் டண்... டண் டண்னு மெதுவா ஏறுது. அவரு விடல, வேக வேகமா தன்னோட கம்பெனி ரிதம் அண்ட் ஹ்யூஸ் பெரிய பணக் கஷ்டத்துல இருக்குன்னு சொல்ல வர்றாரு, மைக் கட். கேமரா அப்படியே நிக்கோல் கிட்மேன் முகத்துக்கு போயிடுச்சு.

நான் காம்ப் ஆர்டிஸ்ட், அதாவது தனித்தனியா எடுத்த, செஞ்ச படத்துண்டுகள ஒரே ஷாட்டா ஒட்டுறவன், சென்னைல பதினாலு வருஷமா இதே பொழப்பு. அந்த கிளிப்ப எங்க ஆபீஸ்ல மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பத்து பேர் ஒரே மானிட்டர்ல பார்த்தோம். மொதல்ல சிரிச்சோம், கடல் படத்துக்கு விருது வாங்குனவன சுறா துரத்துதுன்னு. அப்புறம் ஒருத்தன் அந்த கம்பெனி ஏற்கனவே திவால் மனு போட்டாச்சு தெரியுமான்னு கேட்டான், அதுக்கப்புறம் யாரும் பேசல.

அந்த மைக் கட்டானதுக்கு பின்னாடி இருந்த கதைய ஒரு வருஷம் கழிச்சு 'லைஃப் ஆஃப்டர் பை'ன்னு ஒரு டாக்குமெண்டரியா எடுத்து, 2014 பிப்ரவரி கடைசில, அடுத்த ஆஸ்காருக்கு சில நாள் இருக்கும்போது யூடியூப்ல இலவசமா போட்டாங்க. அரை மணி நேரம் ஓடும். எடுத்தவரு ஸ்காட் லெபரெக்ட், தயாரிப்பு கிறிஸ்டினா லீ ஸ்டார்ம், ரெண்டு பேருமே அந்த கம்பெனிக்குள்ள வேலை பார்த்தவங்க. சினிமா தொழிலோட உள் விவகாரம்னு வர்ற டாக்குமெண்டரில பாதி, நடிகர் டைரக்டர் சண்டைய காட்டும், இல்லன்னா புயல்ல செட்டு பறந்த கதைய சொல்லும். இது வேற மாதிரி. இதுல வில்லன்னு யாருமே கிடையாது, ஒரு கொட்டேஷன் பேப்பர் தான் வில்லன். நான் இத நாலஞ்சு தடவ பார்த்திருக்கேன், இப்ப ஒரு கேஸா எடுத்து பிரிச்சு போடலாம்னு தோணுச்சு.

கம்பெனி எப்படிப்பட்டது

ரிதம் அண்ட் ஹ்யூஸ் 1987ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஆரம்பிச்சது, ஜான் ஹ்யூஸ்ங்கறவரு தான் ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவரு. கோகோ கோலா குடிக்கிற பனிக்கரடி விளம்பரம் ஞாபகம் இருக்கா, அது இவங்க வேலை. 'பேப்' பன்னிக்குட்டி படத்துக்கு ஒரு ஆஸ்கார், 'த கோல்டன் காம்பஸ்'க்கு ஒண்ணு, அப்புறம் இந்தப் புலிக்கு மூணாவது. மிருகத்த பேச வைக்கணும் நடக்க வைக்கணும்னா மொதல்ல இவங்களத்தான் கூப்பிடுவாங்க. தனக்குன்னு வூடூன்னு சொந்த அனிமேஷன் சாஃப்ட்வேர் எழுதி வச்சிருந்தாங்க.

தொழில்ல எல்லாரும் சொல்ற இன்னொரு விஷயம், ஆளுங்கள நல்லா பாத்துக்கிட்ட எடம். ஹாலிவுட் விஎஃப்எக்ஸ்ல ஒரு படம் முடிஞ்சா மூட்டைய கட்டுன்னு அனுப்புறது சாதாரணம், அடுத்த படம் வந்தா மறுபடி கூப்பிடுவாங்க. இங்க ரெண்டு படத்துக்கு நடுவுல சும்மா இருந்தாலும் சம்பளம் போகும். கம்பெனி கணக்கு வழக்க ஆளுங்க முன்னாடியே வச்சு பேசுற பழக்கமும் ஹ்யூஸ்க்கு இருந்துச்சு. இந்த நல்ல குணத்துக்கும் திவாலுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, கீழ வர்றேன்.

புலி

படத்தோட கத தெரிஞ்சது தான், பாண்டிச்சேரில மிருகக்காட்சி சாலை வச்சிருந்த குடும்பத்துப் பையன், கப்பல் மூழ்கி, படகுல ஒரு வங்கப் புலியோட மாட்டிக்கிறான். பாண்டிச்சேரில தாவரவியல் பூங்கா பக்கமெல்லாம் நெஜமாவே ஷூட் பண்ணாங்க. ஆரம்பத்துல வர்ற தாலாட்டு பாம்பே ஜெயஸ்ரீ எழுதி பாடுன தமிழ் பாட்டு, அதுக்கும் அதே வருஷம் ஆஸ்கார் நாமினேஷன் வந்துச்சு. ஆனா கடல்? கடல் தைவான்ல தைச்சுங் ஊர்ல பழைய ஏர்போர்ட் எடத்துல கட்டுன தொட்டி, எழுபது மீட்டருக்கு மேல நீளம், மெஷின் வச்சு அலை கெளப்புவாங்க, சுத்தி ப்ளூ மேட், அதாவது பின்னாடி வேற காட்சி ஒட்டுறதுக்கான நீலத் திரை. அந்த வானம், அடிவானம், தொட்டி சுவத்துக்கு அந்தப்பக்கம் தெரியுற தண்ணி எல்லாமே பின்னாடி கம்ப்யூட்டர்ல செஞ்சது.

நெஜ புலி நாலு இருந்துச்சு, மெயின் புலி பேரு கிங். ஆனா புலி வர்ற சுமார் 170 ஷாட்ல இருபத்து சொச்சத்துல தான் நெஜப் புலி, மிச்சமெல்லாம் டிஜிட்டல். நெஜ புலி ஷாட்டுக்கு பக்கத்துலயே டிஜிட்டல் புலி ஷாட் வரும், ரெண்டும் ஒட்டணும், கொஞ்சம் பிசகினாலும் தியேட்டர்ல கண்டுபுடிச்சிடுவாங்க. பையன் சோர்ந்து போய் புலித் தலைய மடில வச்சு தடவுவானே, எல்லாரையும் அழ வச்ச சீன், நெஜத்துல அவன் மடில இருந்தது ஒரு நீல பொம்மை. அந்த பொம்மைய அழிச்சு, அந்த எடத்துல பசில வத்திப்போன ஒரு புலிய கொண்டு வரணும். ஈரமான முடி, காஞ்ச முடி, உப்புத் தண்ணில காஞ்சு கட்டி கட்டியா நிக்கிற முடி மூணும் மூணு விதம், தோலு எலும்பு மேல வழுக்கணும், அவன் வெரலு படுற எடத்துல முடி அமுங்கி எந்திரிக்கணும். அந்த அமுங்குறதுக்கே எத்தன ராத்திரி போயிருக்கும்னு எங்கள மாதிரி ஆளுக்கு பாத்த உடனே தெரியும்.

இந்த வேலைய லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல எல் செகுண்டோல இருந்த தலைமை ஆபீஸ் மட்டும் செய்யல. மும்பை, ஹைதராபாத், கோலாலம்பூர், வான்கூவர், தைவான் காவ்ஷியுங்னு அவங்க கிளை இருந்த ஊருக்கெல்லாம் வேலை ஓடுச்சு.

பிட்டுங்கற வில்லன்

சரி, படம் 12 கோடி டாலர்ல எடுத்து உலகம் பூரா 60 கோடி டாலருக்கு மேல வசூல். அப்புறம் எப்படிங்க புலிய செஞ்சவன் திவாலாவான்?

இங்கதான் டாக்குமெண்டரி நல்லா வேலை செய்யுது. விஎஃப்எக்ஸ் கம்பெனி பணம் வாங்குறது 'ஃபிக்ஸட் பிட்' முறைல. ஸ்க்ரிப்ட்ட குடுத்து, இத்தன ஷாட்டு, இந்த ஷாட்ல புலி குதிக்கும், இதுல புயல், எவ்ளோ ஆகும் சொல்லுன்னு படத்த தயாரிக்கிற ஸ்டூடியோ கேப்பாங்க. நாலஞ்சு கம்பெனி ரேட்டு சொல்லும், கொறஞ்ச ரேட்டுக்கு வேலை போகும். அந்த நேரத்துல படமே எடுத்திருக்க மாட்டாங்க. இல்லாத புலிக்கு இத்தன மேன்-டேன்னு, அதாவது இத்தன ஆள் இத்தன நாள் வேலைன்னு, கையெழுத்து போட்டுக் குடுக்கணும். அதுக்கப்புறம் டைரக்டர் மனசுல புலி மாறும், எடிட்ல சீன் மாறும், மாறட்டும், அது கலை, ஆனா ரேட்டு மாறாது. கூட கேக்கலாம், சேஞ்ச் ஆர்டர்னு ஒண்ணு இருக்கு, ஆனா அப்ப ஹாலிவுட்ல ஆறு பெரிய ஸ்டூடியோ தான் பெரும்பாலான வேலைய குடுத்துச்சு, ஒருத்தன்கிட்ட அடிக்கடி பில்லு நீட்டுனா அடுத்த படம் பக்கத்து கம்பெனிக்கு போயிடும்னு பயந்து பாதி நேரம் வாய மூடிக்குவாங்க.

கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுத்துக்கோங்க. எலைக்கு இவ்ளோன்னு பேசுவோம், முன்னூறு எல போச்சுன்னா முன்னூறு எலைக்கு காசு. இதுவே விஎஃப்எக்ஸ் மாதிரி பேசுனா, மொத்தமா ஒரு தொகை, ஆனா மாப்ள வீட்டுக்காரங்க கடைசி ஆளு ஏப்பம் விட்டு போதும்னு சொல்ற வரைக்கும் பரிமாறணும். மாப்ளையோட மாமாவுக்கு சாம்பார் புடிக்கலன்னா மறுபடி அடுப்ப பத்த வைக்கணும், வெறகு காசும் உன்னுது.

என் கதையும் சொல்லிடறேன், எந்த படம் எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. ஒரு மழைப் பாட்டு, 22 ஷாட்டு, 12 நாள்னு பிட் போட்டாங்க. மொத ரிவ்யூல மழை அதிகம்னாங்க, கொறச்சோம். அப்புறம் மழை பத்தல. அப்புறம் ஒரு நோட் வந்துச்சு, அட்சரம் மாறாம சொல்றேன், "மழை இன்னும் கொஞ்சம் சோகமா இருக்கணும்". சோகமான மழைக்கு நூக்ல (நாங்க காம்ப் பண்ற சாஃப்ட்வேர்) என்ன நோடு போடுறதுன்னு இன்னும் எனக்கு தெரியாது. துளி சைஸ கொறச்சு, ஸ்பீட கொறச்சு, ப்ளூ ஏத்தி v031, அதாவது முப்பத்தோராவது வெர்ஷன் வரைக்கும் போனோம். ஓகே ஆனது v004. பன்னெண்டு நாள் வேலை நாப்பத்தோரு நாளு இழுத்துச்சு, கம்பெனிக்கு வந்தது பன்னெண்டு நாள் காசு, எங்களுக்கு ராத்திரி பரோட்டா. இதுல டைரக்டர் கெட்டவரு இல்ல, நல்ல மனுஷன், அவருக்கு ஒரு மாத்தம் சொன்னா எவ்ளோ செலவுன்னு யாருமே சொல்லல, சொல்ற மாதிரி அந்த ஏற்பாடே கிடையாது. லைட் மாத்தணும்னா செட்ல லைட்மேன் பேட்டா எகிறும், புரொடக்ஷன் மேனேஜர் ஓடி வந்து காதுல சொல்லுவாரு. எங்க ரூமுக்கு யாரும் ஓடி வர்றதில்ல.

இத ரிதம் அண்ட் ஹ்யூஸ் அளவுக்கு பெருசாக்கிப் பாருங்க. அதோட தள்ளிப்போற பிரச்சன. ஸ்டூடியோ ஒரு படத்த ரெண்டு மாசம் தள்ளி வைக்கலாம், அவங்களுக்கு அது ஒரு மெயில். இவங்களுக்கு அந்த படத்துக்காக உக்கார வச்சிருக்குற நூத்துக்கணக்கான ஆளுக்கு சம்பளம் போயிட்டே இருக்கும். வேற கம்பெனியா இருந்தா ஆள அனுப்பியிருப்பான், ஹ்யூஸ் அனுப்பல. மேல சொன்ன நல்ல குணம் இங்கதான் இடிக்குது. லாபம் ஏற்கனவே நூலளவு, அடுத்த படத்தோட அட்வான்ஸ வச்சு போன படத்தோட ஓட்டைய அடைக்கிற பொழப்பு, ஒரே சமயத்துல ரெண்டு மூணு படம் தள்ளிப்போனா ஓட்டை தெரிஞ்சிடும். தெரிஞ்சிடுச்சு.

மானிய விவகாரம் வேற. பிரிட்டிஷ் கொலம்பியா (கனடால வான்கூவர் இருக்குற மாகாணம்), லண்டன், நியூசிலாந்துன்னு அரசாங்கங்க எங்க ஊர்ல வந்து வேலை செஞ்சா செலவுல ஒரு பங்கு திருப்பித் தர்றோம்னு சொல்லுது. அந்த பங்கோட பலன் போய் சேர்றது ஸ்டூடியோவுக்கு. விஎஃப்எக்ஸ் கம்பெனிக்கு கெடைக்கிறது "வான்கூவர்ல கிளை இருந்தா தான் வேலை"ங்கற நிபந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ்ல வீடு வாங்குன ஆர்டிஸ்ட் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ஆறு மாசம் வான்கூவர், ஆறு மாசம் லண்டன்னு அலையணும்.

அந்த ரெண்டு வாரம்

2013 பிப்ரவரி 10, ஞாயித்துக்கெழம. லண்டன்ல பாஃப்டா (பிரிட்டிஷ் சினிமா விருது) விழா, எஃபெக்ட்ஸ் விருது 'லைஃப் ஆஃப் பை'க்கு. அதே ஞாயித்துக்கெழம லாஸ் ஏஞ்சல்ஸ்ல சுமார் 250 பேருக்கு வேலை போச்சுன்னு தகவல் போகுது. அடுத்த சில நாள்லயே கோர்ட்ல திவால் மனு. கைல பாதி முடிஞ்ச படங்க இருந்ததால ஃபாக்ஸ், யுனிவர்சல் ஸ்டூடியோக்கள் கடன் குடுத்து கம்பெனிய கொஞ்ச நாள் ஓட வச்சாங்க, அவங்கவங்க படம் டெலிவரி ஆகணும்ல. நோயாளி பொழைக்கணும்னு குடுத்த ரத்தம் இல்ல அது, நம்ம வேலைய முடிச்சுட்டு போகட்டும்னு குடுத்த குளுக்கோஸ்.

எனக்கு உறுத்துறது ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியா சட்டப்படி பெரிய அளவுல ஆள எடுக்கும்போது 60 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அது குடுக்கலன்னு வேலை போனவங்க பக்கத்துல இருந்து கேஸ் போட்டாங்க. ஆளுங்கள குடும்பம் மாதிரி பாத்துக்கிட்ட கம்பெனியே கடைசில இப்படித்தான் முடிஞ்சுது. டாக்குமெண்டரி எடுத்தவங்க குடும்பத்துக்குள்ள இருந்தவங்க, அதனால ஹ்யூஸ் மேல கேமராவுக்கு ஒரு பாசம் இருக்கு. அந்தாளு கலங்குறதப் பாத்தா நமக்கும் கலங்குது தான், இருந்தாலும் ஏன் அவ்ளோ நாள் அந்த ரேட்டுக்கு கையெழுத்து போட்டீங்கன்னு யாராவது அவர் மூஞ்சிக்கு நேரா இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

ஆஸ்கார் அன்னிக்கு ஹாலிவுட் தெருவுல நானூறுக்கும் மேல எஃபெக்ட்ஸ் ஆளுங்க பதாகையோட நின்னாங்க, மேல ஒரு குட்டி ப்ளேன் பேனர கட்டி இழுத்துட்டு சுத்துச்சு. உள்ள மைக் கட்டாச்சு. படத்துக்கு மொத்தம் நாலு விருது, ஆங் லீக்கு பெஸ்ட் டைரக்டர். அவரு மேடைல நன்றி சொன்ன பட்டியல்ல எஃபெக்ட்ஸ் ஆளுங்க இல்ல. அதுக்கு முன்னாடியே ஒரு பேட்டில எஃபெக்ட்ஸ் இன்னும் மலிவா கெடைச்சா நல்லா இருக்கும்ங்கற மாதிரி பேசியிருந்தாரு, அதுவும் சேந்து எரிய ஆரம்பிச்சுது. அன்னிக்கு ராத்திரி ஃபேஸ்புக்ல ட்விட்டர்ல ஆர்டிஸ்ட்டுங்க எல்லாம் ப்ரொஃபைல் படத்த எடுத்துட்டு வெறும் பச்ச கலர வச்சாங்க. எங்க வேலைய எடுத்துட்டா படத்துல மிச்சம் இருக்குறது இதுதான், க்ரீன் மேட். நானும் வச்சேன், எங்க பெரியம்மா ஃபோன் பண்ணி கட்சில சேந்துட்டியாடான்னு கேட்டாங்க.

மார்ச் கடைசில கம்பெனிய ப்ரானா ஸ்டூடியோஸ் சார்ந்த ஒரு நிறுவனம் ஏலத்துல எடுத்துச்சு. லாஸ் ஏஞ்சல்ஸ் கம்பெனி தான், மும்பைல பெரிய ஸ்டூடியோ வச்சிருந்தவங்க.

டாக்குமெண்டரி எங்க நிக்குது, எங்க வழுக்குது

பிட் முறைய அரை மணி நேரத்துல, தொழில் தெரியாதவனுக்கும் புரியுற மாதிரி இதவிட நல்லா சொன்ன படம் நான் பார்த்ததில்ல. எங்கப்பாவுக்கு போட்டுக் காட்டுனேன், அவரு லேத் பட்டறை வச்சிருந்தவரு, பாதிலயே "அட இது நம்ம ஜாப் ஒர்க் கத தானடா"ன்னாரு. பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் கடைஞ்சு குடுக்குறவனுக்கு ட்ராயிங் மாறும், ரேட்டு மாறாது.

வழுக்குற எடம், என் கண்ணுல, ஹைதராபாத். இந்த படத்துல பேசுற மொகம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் மொகம். வேலை வெளிநாட்டுக்கு போகுது, மானியம் இழுக்குதுங்கற அவங்க வலி நியாயமானது. ஆனா வெளிநாடுன்னு அவங்க சொல்ற எடத்துல உக்காந்திருக்குறவனும் அதே பிட்டுக்குள்ள தான் மாட்டியிருக்கான், இன்னும் அடி தட்டுல. ரோட்டோ (ஷாட்ல இருக்குற உருவத்த ஓரம் வெட்டி பிரிக்கிறது), பெயின்ட் (வேண்டாதத அழிக்கிறது), மேட்ச்மூவ் (கேமரா அசைவ கம்ப்யூட்டர்ல கணக்கெடுக்கிறது)னு சங்கிலியோட கடைசி கண்ணி இங்க தான் இருக்கு, மேல ரேட்டு பத்து ரூபா கொறஞ்சா கீழ வர்றதுக்குள்ள அது அம்பது ரூபாயா ஆகிடும். மும்பை ஆபீஸ்லயும் ஹைதராபாத் ஆபீஸ்லயும் அந்த ரெண்டு வாரம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு பத்து நிமிஷம் எடுத்திருந்தா இந்த கேஸ் முழுசாகியிருக்கும்.

அதுக்கப்புறம் என்னாச்சுன்னு பாத்தா, ஒண்ணு ரெண்டு நல்லது நடந்துச்சு. 2023 செப்டம்பர்ல மார்வெல் கம்பெனியோட நேரடி விஎஃப்எக்ஸ் ஆளுங்க ஓட்டு போட்டு, ஒருத்தர் கூட எதிர்க்காம, யூனியன்ல சேந்தாங்க. ஆனா அது ஸ்டூடியோவுக்குள்ள சம்பளம் வாங்குறவங்க, வெளில பிட் போட்டு வாழுற வென்டர் கம்பெனி ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கூரை இல்ல.

இன்னொண்ணு 2025 பிப்ரவரில. அந்த ஆஸ்கார் மேடைல ஏறுன நாலு பேர்ல ஒருத்தர், கியோம் ரோஷெரோன், ரிதம் அண்ட் ஹ்யூஸ் இல்ல, எம்பிசி கம்பெனி. கப்பல் மூழ்குற அந்த புயல் எம்பிசி செஞ்சது. எம்பிசிக்கு மேல இருந்த டெக்னிகலர் குரூப் 2025 பிப்ரவரில காசில்லாம கவுந்துச்சு. லண்டன்ல ஆரம்பிச்சு பெங்களூரு வரைக்கும், பெங்களூருல மட்டும் ஆயிரக்கணக்கான பேரு, அதுல எனக்கு தெரிஞ்ச தமிழ் பசங்களே ஏகப்பட்ட பேரு, வாட்ஸப்ல வந்த ஃபார்வேர்டப் பாத்து விஷயம் தெரிஞ்சுக்கிட்டாங்க. புலிய செஞ்ச எடம் 2013ல, புயல செஞ்ச எடம் 2025ல. ஒரே விருது, ரெண்டு பட்டறை.

ஹைதராபாத்துல 'லைஃப் ஆஃப் பை' வேலை பார்த்த ஒரு பையன் அப்புறம் எங்கூட ரூம்ல இருந்தான், விருதுநகர் பக்கம். பெயின்ட் ஆர்டிஸ்ட். டிவில அந்த படம் போட்டா கடைசி பேர் ஓடுறதுக்குள்ள வெளம்பரம் வந்துடும்னு டிவிடி வாங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போயி, பேரு வர்ற எடத்துல பாஸ் பண்ணி அவங்கம்மாவுக்கு காட்டியிருக்கான். அவங்க கிட்டக்க போய் பாத்துட்டு, "புலிய நீயாடா வரைஞ்ச?"ன்னு கேட்டிருக்காங்க.

"இல்லம்மா. படக ஆட்டுறதுக்கு தொட்டில ஒரு கேபிள் கட்டியிருந்தாங்க. அத அழிச்சேன்."

அவங்க மறுபடி படத்த மொதல்ல இருந்து போடச் சொல்லி, ரெண்டு மணி நேரமும் அந்த கேபிள் எங்கன்னு தேடிட்டு இருந்தாங்களாம்.